மோவா... ஒரு குட்டிச் சொல்லின் கடல் பயணம்!

முதல்ல ஒரு தீவுக்குப் போவோம். பேரு கவாய். ஹவாய் இல்லீங்க... கவாய்! பசிபிக் பெருங்கடலின் நட்ட நடுவில் இருக்கிற ஹவாய் தீவுக்கூட்டத்தில், வடமேற்கு ஓரமாகப் பச்சைப்பசேல்னு கிடக்கிற தீவு. 'ஜுராசிக் பார்க்' படத்துக்காக 1992-ல் ஸ்பீல்பெர்க் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தது இங்கேதான்.

டைனோசர் உலாத்தின அந்த ஊரில் இறங்கினதும் உங்களை வரவேற்கிறது யார் தெரியுமா? சேவல்! கார் பார்க்கிங்கில் சேவல், பீச்சில் சேவல், ஓட்டல் மேஜைக்கு அடியில் சேவல். ரோட்டைக் கடக்கிற கோழிக்கும் குஞ்சுகளுக்கும் கார்கள் நின்று வழிவிடுகின்றன. யார் வீட்டுக் கோழின்னு கேட்டால், யார் வீட்டுதும் இல்லை. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எல்லாம் சேர்ந்து கச்சேரியை ஆரம்பிச்சிடும்.

'இதெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு?'ன்னு உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் புயலைக் கை காட்டுவார்கள். 1982-ல் 'ஈவா', 1992-ல் 'இனிகி' என்று ரெண்டு பெரிய புயல்கள். கூண்டுகள் உடைஞ்சு கோழிகள் காட்டுக்குள் ஓடிப்போச்சு என்பது அவர்கள் சொல்லும் கதை. (இனிகி அடிச்சப்போ ஜுராசிக் பார்க் யூனிட் அங்கேயேதான் மாட்டிக்கிட்டு இருந்துச்சு!) ஆனால் 2015-ல் வந்த ஒரு டி.என்.ஏ. ஆராய்ச்சி, கதையை இன்னும் பின்னாடி இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கோழிகளின் ரத்தத்தில் பண்ணைக் கோழி மட்டுமில்லை, பல நூற்றாண்டுகளுக்கு முன் படகில் வந்த பழைய காட்டுக்கோழியும் கலந்திருக்கிறதாம்.

அந்தப் பழைய கோழிக்கு ஹவாய் மொழியில் ஒரு குட்டிப் பெயர். மோவா. ரெண்டே எழுத்து. இந்த ரெண்டு எழுத்தை டிக்கெட்டாக வைத்துக்கொண்டு பசிபிக் முழுக்க ஒரு சுற்று சுற்றலாம். வர்றீங்களா?

கடல் முழுக்க ஒரே கோழி

கவாயிலிருந்து தெற்கே சமோவாவுக்குப் போங்க. கோழிக்குப் பெயர் மோவா. டோங்காவிலும் மோவா. தாஹிட்டியிலும் மோவா. அங்கிருந்து கிழக்கே, பிரம்மாண்டக் கல் சிலைகள் நிற்கிற ஈஸ்டர் தீவுக்கு வந்தாலும்... அதே மோவாதான்! (சிலைகளுக்குப் பெயர் 'மோவாய்'. அது வேற சொல். குழப்பிக்க வேண்டாம்.)

இதில் என்ன பெரிய ஆச்சரியம் என்கிறீர்களா? மற்ற சொற்களைப் பாருங்கள், புரியும். வீட்டுக்கு சமோவாவில் 'ஃபலே', தாஹிட்டியில் 'ஃபரே', ஹவாயில் 'ஹலே', ஈஸ்டர் தீவில் 'ஹரே', நியூஸிலாந்தின் மாவோரி மக்களிடம் 'ஃபாரெ'. ஒரே சொல்தான். தீவுக்குத் தீவு 'ல' போய் 'ர' ஆகிறது, 'ஃப' போய் 'ஹ' ஆகிறது. நம்ம பால், கர்நாடகா பக்கம் 'ஹாலு' ஆகிற மாதிரி! ஆனால் மோவா மட்டும் அப்படியே நின்றுவிட்டது. காரணம் சிம்பிள். அதில் இருக்கிற எந்த ஒலியும் இந்த மொழிகளில் மாறுகிற ரகமே இல்லை.

ஆனாலும் உஷாரா இருக்கணும். ஹவாயில் 'மோவா' கோழி. அதையே நடுவில் ஒரு சின்ன விக்கல் போட்டு 'மோ-ஆ'ன்னு வெட்டிச் சொன்னால், 'வெந்தது'ன்னு அர்த்தம். அதே வெட்டை தாஹிட்டியில் போட்டால் 'புனிதமானது'! ஒரு விக்கலில் கோழி ஒரு ஊரில் குழம்புக்கும், இன்னொரு ஊரில் கோயிலுக்கும் போய்விடுகிறது.

அர்த்தங்கள் இன்னும் இருக்கு. சமோவா மொழியில் மோவான்னா கோழி மட்டுமில்லை. ஆறு, ரோடு இதுக்கெல்லாம் 'நடு'ப்பகுதி என்றும் அர்த்தம். 'சமோவா' என்கிற நாட்டுப் பெயரையே, லூ என்பவன் பத்திரமாகக் காத்த புனிதக் கோழிகளோடு சேர்த்துச் சொல்கிற கதை உண்டு. மோவா என்கிற குலத்தின் பெயர்தான் அது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஹவாயில் இலையே இல்லாத, குச்சி குச்சியாக வளர்கிற ஒரு செடிக்கும் மோவான்னு பேர். ரெண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியை எடுத்துக் கோர்த்து இழுப்பார்கள். யார் குச்சி உடையுதோ அவர் அவுட். ஜெயிச்சவர் சேவல் மாதிரிக் கூவணும். செடியிலேயே ஒரு சேவல் சண்டை!

ஈஸ்டர் தீவில் கோழிக்கு மரியாதை இன்னும் அதிகம். 'ஹரே மோவா', அதாவது கோழி வீடு. கட்டின ஆளுக்கே அப்படி வீடு இருந்திருக்காது. தடி தடியான கல் சுவர், கீழே ஒரு சின்ன ஓட்டை. ராத்திரி கோழிகளை உள்ளே விட்டுக் கல்லால் அடைத்துவிடுவார்கள். திருடன் கல்லை நகர்த்தினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பன்றியும் நாயும் போய்ச் சேராத அந்தத் தீவில் கோழிதான் சொத்து.

படகில் ஏறின லக்கேஜ்

இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே சொல் எப்படிப் பரவியது? மனுஷங்க சுமந்துக்கிட்டுப் போனாங்க, அவ்வளவுதான்!

காட்டுக்கோழி வீட்டுக்கோழியானது தென்கிழக்கு ஆசியாவில். 2022-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்கிறது. வயசு? சுமார் 3,300 முதல் 3,700 வருஷம்.

அந்தப் பக்கத்துத் தீவு மொழிகளில் கோழிக்கு இருந்த பழைய சொல் 'மானுக்'. இன்னிக்கும் பிலிப்பைன்ஸ் ஓட்டலில் 'மனோக்' கேட்டால் தட்டில் கோழி வரும். ஜாவாவில் 'மானுக்' என்றால் பொதுவாகப் பறவை. கிழக்கே போகப் போக கடைசி 'க்' உதிர்ந்து, சமோவாவிலும் நியூஸிலாந்திலும் 'மனு' ஆச்சு. அர்த்தமும் கோழியிலிருந்து 'பறவை'ன்னு விரிஞ்சு போச்சு. அப்போ கோழியைத் தனியாகச் சொல்ல ஒரு சொல் வேணுமே? அந்த இடத்தில் பாலினேசியர்களிடம் வந்து உட்கார்ந்ததுதான் மோவா.

ரெட்டைப் படகு, பாய், மேலே நட்சத்திரம், கீழே அலையின் போக்கு. திசைகாட்டி கிடையாது, மேப் கிடையாது. புதுத் தீவைத் தேடிப் போகிறவர்கள் கிழங்கு, வாழைக்கன்று, ஈரப்பலா, கரும்பு, நாய், பன்றி, எலி, கோழி என்று வீட்டையே மூட்டை கட்டினார்கள். கூடவே, எடை இல்லாத ஒரு லக்கேஜ்... மொழி.

அது எவ்வளவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு சாட்சி. 1769-ல் கேப்டன் குக்கின் கப்பலில் தாஹிட்டியிலிருந்து ஏறினார் துப்பாயா என்ற பூசாரி, மாலுமி. நியூஸிலாந்தில் இறங்கி அவர் வாயைத் திறந்ததும் அங்கே இருந்த மாவோரி மக்களுக்குப் புரிந்துவிட்டது. நடுவில் இருந்தது 4,000 கிலோமீட்டர் கடலும் பல நூற்றாண்டுப் பிரிவும்!

கோழி இல்லாத ஊரில்...

இப்போ நம் டிக்கெட்டும் நம்மை நியூஸிலாந்துக்கே கொண்டுபோகிறது. கதை திசை மாறுகிற இடமும் இதுதான்.

1300-ஐ ஒட்டிய வருஷங்களில் பாலினேசியப் படகுகள் அந்தக் கரையைத் தொட்டன. நாயும் எலியும் இறங்கின. பன்றியும் கோழியும் அங்கே போய்ச் சேரவே இல்லை. வாயில் மோவா என்ற சொல் இருக்கிறது, காட்டுறதுக்குக் கோழி இல்லை!

ஆனால் காட்டுக்குள் வேற ஒண்ணு நடமாடிக்கிட்டு இருந்துச்சு. வௌவால் தவிர நிலத்தில் பாலூட்டியே இல்லாத நாடு அது. நம் ஊர்களில் மானும் மாடும் மேய்கிற இடத்தில், அங்கே பறவை மேய்ந்தது. மொத்தம் 9 வகை. சின்னது வான்கோழி அளவு. பெரிய வகையின் பெட்டை கழுத்தை நிமிர்த்தினால் சுமார் 3.6 மீட்டர் உயரம், 200 கிலோவைத் தாண்டும் எடை. இறக்கை? சின்னதாகக்கூடக் கிடையாது, இறக்கை எலும்பே இல்லை. சேவலைவிடப் பெட்டை பல மடங்கு பெரிசு. எவ்வளவு பெரிசுன்னா, விஞ்ஞானிகளே ரெண்டையும் வேற வேற வகைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2003-ல் டி.என்.ஏ. பார்த்துத்தான் 'அட, இதுங்க ஜோடி!'ன்னு தெரிஞ்சுது.

இந்த ராட்சதப் பறவைக்கு வந்த ஜனங்கள் என்ன பேர் வெச்சாங்க? சும்மா கிடந்த சொல்லைத் தூக்கி வெச்சுட்டாங்க. மோவா!

வீட்டு மாடியை எட்டிப் பார்க்கிற கோழி! பின்னாளில் ஐரோப்பியக் கப்பல்களில் நிஜக் கோழி வந்து இறங்கியபோது அதற்கு மாவோரி மொழியில் பழைய பெயர் காலி இல்லை. புதுசாக 'ஹேஹே' என்றார்கள். 2016-ல் வந்த டிஸ்னியின் 'மோவானா' படத்தில் எதையும் கொத்தித் தின்கிற அந்த அசட்டுச் சேவலுக்குப் பேர் ஹேஹே. ஞாபகம் வருதா? அது சும்மா வெச்ச பேர் இல்லை, கோழிக்கு 'கோழி'ன்னே பேர்!

பேர் கோழி... கணக்கு யானை

இங்கே சிரிப்பை நிறுத்திக்கலாம்.

கோழி ஆறு மாசத்தில் முட்டை போட ஆரம்பித்துவிடும். பத்தைச் சாப்பிட்டால் அடுத்த பத்து தயார். மோவா அப்படி இல்லை. எலும்பில் இருக்கிற வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், சில வகைகள் முழுசாக வளரவே பத்து வருஷம் வரை எடுத்துக்கொண்டன என்கிறார்கள். ஒரு ஈட்டுக்கு ஒண்ணு, மிஞ்சினால் ரெண்டு முட்டை. பேர் கோழி, ஆனால் பெருகுகிற கணக்கு யானையுடையது.

வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கண்ணெதிரே 200 கிலோ கறி. மனுஷனைக் கண்டால் ஓடணும்னு அதுக்கும் தெரியாது, மனுஷனை அது பார்த்ததே இல்லையே! தென் தீவின் வடகிழக்கு முனையில் வைராவ் ஆறு கடலில் சேருகிற இடத்தில், அந்த முதல் குடிகள் வாழ்ந்த மணல்திட்டு இருக்கிறது. 1939-ல் ஜிம் எய்ல்ஸ் என்ற 13 வயதுப் பள்ளிப் பையன் அங்கே மண்ணைக் கிளறியபோது கிடைத்தது ஒரு முழு மோவா முட்டை, இறந்தவரோடு சேர்த்துப் புதைக்கப்பட்டது. முட்டையில் ஓட்டை போட்டிருந்தது. அந்த மண்ணில் மோவா எலும்புகள் அள்ள அள்ள வந்தன.

1450 வாக்கில் கடைசி மோவாவும் முடிந்துபோனது. படகு கரையேறி ஒன்றரை நூற்றாண்டு, கொஞ்சம் முன்னே பின்னே. அந்தத் தீவுகளின் ஜனத்தொகை அப்போது சில ஆயிரம்கூடத் தாண்டியிருக்காது என்பது ஒரு கணிப்பு. மோவாவை வேட்டையாடி வாழ்ந்த, 3 மீட்டர் வரை இறக்கை விரித்த ஹாஸ்ட் கழுகும் கூடவே போச்சு.

ஓர் உடைந்த மணியும் ஒரு கட்டுக்கதையும்

பறவை போய் 400 வருஷம் ஆகிறது. 1838. வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி, அச்சுக்காரர், நியூஸிலாந்தின் கிழக்குக் கரையில் ஊர் ஊராக நடக்கிறார். ஓர் ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். மலைக்குகையில் ஓர் உருவம் இருக்கிறது, காற்றைக் குடித்தே வாழ்கிறது, பெரிய சேவல் மாதிரி உடம்பு, மனுஷ முகம், தூங்கும்போது ரெண்டு ராட்சத ஓணான்கள் காவல்! அதன் பேர் மோவா.

கவனியுங்கள். பறவை மறைந்துவிட்டது. பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆனால் 'பெரிய சேவல் மாதிரி' என்கிற ஒரு துளி உண்மையை அந்தச் சொல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருஷமே லண்டனில் ரிச்சர்ட் ஓவன் கையில் நியூஸிலாந்திலிருந்து ஓர் எலும்புத் துண்டு கிடைத்தது. 15 சென்டிமீட்டர், ரெண்டு முனையும் உடைஞ்சது. அதை வைத்தே 'நெருப்புக்கோழி அளவுக்குப் பெரிய பறவை அங்கே இருந்தது' என்று அறிவித்தார். நிறைய பேர் நம்பலை. 1843-ல் பெட்டி பெட்டியாக எலும்புகள் வந்து இறங்கினதும் வாயடைத்துப் போனார்கள்.

இதே கொலென்ஸோ நமக்கும் ஒரு விதத்தில் வேண்டப்பட்டவர். 1836 வாக்கில் வாங்கரேய் பக்கத்தில், ஒரு மாவோரி குடியிருப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரம் அவர் கண்ணில் பட்டது. பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி. அதைச் சுற்றி இருந்த எழுத்து... தமிழ்! முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பலுக்குரிய மணி என்று அதில் பொறித்திருந்தது. எப்படி அங்கே போனது என்பது இன்றுவரை புதிர். மணி இப்போது வெலிங்டன் நகரின் 'தே பாப்பா' அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

கப்பலில் மணியாக ஒலித்தது கரையில் கிழங்குச் சட்டியானது. படகில் கோழியாக ஏறிய சொல் கரையில் ராட்சதப் பறவையானது. ரெண்டையும் நமக்காக எழுதி வைத்தது ஒரே ஆள்!

'ங'வில் ஆரம்பிக்கிற சோகம்

நம்ம அரிச்சுவடியில் 'ங, ஙா, ஙி'ன்னு மனப்பாடம் பண்ணிட்டு, 'இதை எங்கேதான்டா யூஸ் பண்றது?'ன்னு கேட்டிருக்கீங்களா? மாவோரி மொழிக்குப் போங்க. அங்கே வார்த்தையே 'ங'வில் ஆரம்பிக்கும். அதில் ஒன்று 'ஙாரோ'. தொலைந்தது, மறைந்தது என்று அர்த்தம்.

மோவா மாதிரி ஙாரோ ஆகிப் போவது என்பது மாவோரிகளிடம் பழமொழி. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களின் துப்பாக்கியும் நோயும் நிலப்பறிப்பும் வந்து சேர்ந்தபோது, அவர்கள் அதைத் தங்களைப் பற்றியே சொன்னார்கள். இந்த ஜனமும் மோவா போன வழியே போய்விடும் என்று. பயந்ததில் அர்த்தம் இருந்தது. 1896 கணக்கெடுப்பில் மாவோரிகள் சுமார் 42,000 பேர்தான்.

போகவில்லை. 1982-ல் 'கொஹாங்ஙா ரியோ', அதாவது 'மொழிக்கூடு' என்ற பெயரில் மழலையர் பள்ளிகள் தொடங்கின. பாட்டி, தாத்தாக்களே வந்து உட்கார்ந்து குழந்தைகளிடம் மாவோரியில் பேசினார்கள். 1987-ல் அது ஆட்சிமொழி ஆனது. 2023 கணக்கெடுப்பில் தங்களை மாவோரி என்று பதிந்தவர்கள் 8.87 லட்சம் பேர். பாருங்கள், மொழியைக் காப்பாற்றும் இடத்துக்கு வெச்ச பேரும் ஒரு பறவையின் கூடு!

இப்போ நாம கிளம்பின ஹவாய்க்கே திரும்புவோம். அங்கேயும் குகைகளிலும் மணல்மேடுகளிலும் எலும்புகள் கிடைத்தன. வாத்து இனத்தில் வந்து, பறக்கிறதை மறந்து, பெரிய வாத்தை மிஞ்சி வளர்ந்த பறவைகள். மனுஷன் வந்த பிறகு அதுவும் காலி. அதை ஹவாய் மக்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்ற பெயர்கூட மிஞ்சவில்லை. 1991-ல் ஸ்டோர்ஸ் ஓல்சன், ஹெலன் ஜேம்ஸ் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் ஹவாய் மொழியிலேயே ஒரு பெயர் வைத்தார்கள். 'மோவா-நாலோ'. தொலைந்த கோழி.

அந்த 'நாலோ' யார் தெரியுமா? நம்ம 'ஙாரோ'தான்! 'ங' ஹவாயில் 'ந' ஆகும், 'ர' 'ல' ஆகும். நடுவில் 7,000 கிலோமீட்டர் கடல் இருக்கிற ரெண்டு ஊரில், அதே ரெண்டு சொல், அதே சோகம். நடுவில் இருக்கிற சமோவாவில் அதுவே 'ஙாலோ'. அங்கே அதற்கு 'மறந்துபோச்சு'ன்னு அர்த்தம்.

திரும்ப வருமா?

2025 ஜூலையில் அமெரிக்காவின் கொலோசல் நிறுவனம், மாவோரிகளின் ஙாய் தாஹு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து, ராட்சத மோவாவைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பீட்டர் ஜாக்ஸனும் இதில் பார்ட்னர். நிஜ ஜுராசிக் பார்க்! ஆனால், மரபணுவை மாற்றி மாற்றி என்ன செய்தாலும் வருவது மோவா மாதிரி இருக்கிற வேறொரு பறவையாகத்தான் இருக்கும் என்று பல விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பழைய பெயரை மறுபடி ஒரு புதுப் பறவைக்கு வைக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பிடித்த கணக்கு வேற. அதே நியூஸிலாந்தில் 'காகாப்போ' என்று பறக்கத் தெரியாத ஒரு குண்டுக் கிளி இருக்கிறது. மாவோரியில் 'ராத்திரிக் கிளி'. 1995-ல் மிச்சம் இருந்தது 51. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, முதுகில் ரேடியோ கட்டி, எலியும் பூனையும் இல்லாத தீவுகளில் விட்டு, முட்டைக்கு முட்டை காவல் இருந்து வளர்த்தார்கள். 2022-ல் 252.

அந்தப் பேருக்கு முன்னால் இன்னும் யாரும் 'ஙாரோ' போடவில்லை. போட விடவும் கூடாது, பாஸ்!